தான்சானியா போகப்போகிறேன்: மொழி, தொழில், காடு பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

முந்திரிக்காடு:

வணக்கம். பண்ருட்டிப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு முந்திரி ஆலை இருக்கிறது. உள்ளூர்க் கொட்டை மாசியில் தொடங்கி வைகாசியோடு முடிந்துவிடும். மிச்ச மாதங்களில் ஆட்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் ஆப்பிரிக்கக் கொட்டை வந்தாக வேண்டும். இத்தனை காலம் தூத்துக்குடியில் இறங்குகிற சரக்கைத் தரகர் வழியாகத்தான் எடுத்தோம். வருகிற பருவத்துக்கு நானே தான்சானியா போய் நேரில் பார்த்துவிட்டு வரலாமென்று இருக்கிறேன். இணையத்தில் தேடினால் சிங்கம், அதை விட்டால் கிளிமஞ்சாரோ. எனக்கு அது வேண்டாம். ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்க முடியுமா, ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது, மழை எப்போது, காடு என்ன நிலையில் இருக்கிறது, இதெல்லாம் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள். அவசரம் இல்லை.

தாரெஸ்வாசி:

தார் எஸ் சலாமில் கணக்காளராக இருக்கிறேன். ஹோட்டல், வங்கி, பெரிய கம்பெனி என்றால் ஆங்கிலம் போதும். ஆனால் உங்களுக்கு வேலை தெற்கே, ம்த்வாரா, லிண்டி, மசாசி பக்கம். அங்கே கூட்டுறவுச் சங்க ஆட்கள், எடை போடுகிறவர், லாரிக்காரர் எல்லோரிடமும் சுவாஹிலிதான் செல்லும். கூடவே ஒரு உள்ளூர்க்காரரை வைத்துக்கொள்ளுங்கள்.

நேரே "என்ன விலை" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். உடம்பு எப்படி, வீட்டில் எல்லோரும் சுகமா, பயணம் எப்படி இருந்தது என்று இரண்டு மூன்று சுற்று நலம் விசாரித்த பிறகுதான் அங்கே காரியம் பேசுவார்கள். வயதானவரைப் பார்த்தால் "ஷிக்கமோ" சொல்லுங்கள், அவர் "மரஹாபா" என்பார். அந்த ஒரு சொல்லுக்கே பாதி வேலை முடிந்துவிடும்.

நேரத்தில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். சுவாஹிலிக் கணக்கில் மணி எண்ணுவது விடியலிலிருந்து. நம்முடைய காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. சுவாஹிலியில் "நாளை 3 மணிக்கு வாருங்கள்" என்றால் காலை 9 மணிக்குப் போய் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னால் நம் கணக்கு. எதற்கும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், ஆட்டோவுக்கு இங்கே "பஜாஜி" என்று பெயர். டிவிஎஸ் கம்பெனி வண்டியாக இருந்தாலும் பஜாஜிதான். ஓசூர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

பேச்சுவழக்கு:

மொழி பற்றிக் கேட்டதால் உள்ளே வருகிறேன், இது என் பாடம்.

தான்சானியாவில் 120-க்கு மேல் மொழிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவின் தெற்குப் பாதி முழுக்கப் பரவிய பாண்டு குடும்பத்தைச் சேர்ந்தவை. சுகுமா பேசுவோர்தான் அதிகம். முந்திரிக்காடு போகும் தெற்கில் மகொண்டே, யாவோ, மக்குவா காதில் விழும். வடக்கே மாசாய், லுவோ, டட்டோகா ஆகியவை நைல் வழி மொழிகள். மன்யாரா பக்கம் பேசும் இராக்வு, சோமாலிக்குத் தூரத்து உறவான குஷைட் மொழி. எயாசி ஏரிப் பக்கம் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். அவர்கள் மொழியில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் மெய்யொலிகள் உண்டு, வேறு எந்த மொழியோடும் அதற்கு உறவு நிறுவப்படவில்லை. ஒரு நாட்டுக்குள் இவ்வளவு தூரம் விலகிய மொழிக் குடும்பங்கள் சேர்ந்திருப்பதை ஆப்பிரிக்காவிலேயே வேறெங்கும் காண்பது கடினம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே பொதுமொழி. சுவாஹிலியை அரபியின் கிளை என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. இலக்கணம் முழுக்க பாண்டு. சொற்களில்தான் அரபி நிறைய, நம் பக்கத்திலிருந்து போன சப்பாத்தி, காடி (வண்டி), பீமா (காப்பீடு), லாக் (லட்சம்) கூட உண்டு. கடற்கரை மொழியாக இருந்தது 19-ஆம் நூற்றாண்டு வணிகக் கூட்டங்களோடு உள்நாட்டுக்குப் போனது. முதலில் நாட்டை ஆண்ட ஜெர்மானியர்கள் கீழ்மட்ட நிர்வாகத்தை அதில் நடத்தினார்கள். அடுத்து வந்த ஆங்கிலேயர்கள் 1930-இல் ஒரு குழு அமைத்து, சான்சிபார் தீவின் நகரப் பேச்சை அடிப்படையாக வைத்துத் தரப்படுத்தினார்கள்.

அதன்பின் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே. 1961-இல் விடுதலை, 1964-இல் சான்சிபாரோடு இணைப்பு. புதிய நாட்டுக்குச் சுவாஹிலியை முதுகெலும்பாக வைத்தவர் அவர். சும்மா மேடையில் பேசியதோடு நிற்கவில்லை. குடியரசுத் தலைவராக இருந்துகொண்டே ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தார். அவர் பிறந்தது சனாக்கி என்ற சிறிய இனத்தில், அதனால் "தன் மொழியைத் திணிக்கிறார்" என்று யாரும் சொல்ல முடியவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் என்ன என்று கடைசியாகக் கேட்டது 1967-இல். அண்டை நாடான கென்யாவில் தேர்தல் என்றாலே எந்த இனம் யாரோடு என்ற கணக்குதான். 2007 தேர்தலுக்குப் பிறகு அங்கே ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். தான்சானியா அரசியலில் வேறு குறைகள் எவ்வளவோ உண்டு, இந்தக் குறை குறைவு. என் பார்வையில் நைரேரே செய்ததில் நிலைத்தது இதுதான்.

எண்கணக்கு:

பேச்சுவழக்கு சார், கதையின் பாதியை விட்டுவிட்டீர்கள். தொடக்கப் பள்ளி ஏழு வருடமும் சுவாஹிலி. உயர்நிலைப் பள்ளியில் காலெடுத்து வைத்ததும் எல்லாப் பாடமும் ஆங்கிலம். கிராமத்துப் பிள்ளை அதுவரை ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் பார்த்திருக்கும், திடீரென்று உயிரியலையும் கணக்கையும் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் என்ன செய்யும்? மனப்பாடம்தான். பணம் உள்ளவர் பிள்ளைகள் ஆரம்பத்திலிருந்தே தனியார் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறார்கள். 2015-இல் வெளியிட்ட கல்விக் கொள்கையில் மேல்வகுப்பிலும் சுவாஹிலி வரலாம் என்று எழுதினார்கள், நடைமுறையில் மாறவில்லை. நாட்டை ஒன்றாக்கிய மொழி, கல்லூரி வாசலில் நின்றுவிட்டது.

இன்னொன்று, அந்த 120 மொழிகளுக்குப் பள்ளியில் இடம் இல்லை, வானொலியில் இடம் இல்லை. ஒற்றுமைக்கு விலை அது. யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

பேச்சுவழக்கு:

அதை மறுக்கவில்லை. ஆனால் 2021-இல் சட்டத்தைத் திருத்தி நீதிமன்ற மொழியாகச் சுவாஹிலியை வைத்திருக்கிறார்கள். அதுவரை சாட்சி சுவாஹிலியில் சொல்வார், பதிவும் தீர்ப்பும் ஆங்கிலத்தில் இருக்கும். தன் வழக்கின் தீர்ப்பைத் தானே படிக்க முடிகிற இடத்துக்கு வந்திருக்கிறார்கள். பள்ளியில் தயங்கும் அரசு கோர்ட்டில் ஏன் தயங்கவில்லை என்பது எனக்கும் புரியாத விஷயம்தான்.

முந்திரிக்காடு:

இரண்டு பேருக்கும் நன்றி. மொழிச் சண்டை நடக்கட்டும், நான் படித்துக்கொண்டிருக்கிறேன். முந்திரி எப்படி அங்கே? அவ்வளவு கொட்டை விளைகிற ஊரில் ஏன் அவர்களே உடைத்துப் பருப்பாக அனுப்பவில்லை? எங்கள் தரகர் "அவர்களுக்குத் தெரியாது" என்கிறார். எனக்கு அது சரியான பதிலாகப் படவில்லை.

எண்கணக்கு:

உங்கள் தரகர் சொல்வது தவறு. ஆலைகள் கட்டினார்கள். 1970-களில் உலக வங்கிக் கடனில் பெரிய பெரிய முந்திரி ஆலைகள் எழுந்தன. ஆனால் ஆலைகள் எழுந்த வேகத்திலேயே கொட்டை வரத்து சரிந்தது.

1967-இல் அருஷா பிரகடனம், அதாவது நைரேரே அரசின் சோசலிசக் கொள்கை அறிவிப்பு. வங்கி, நார் எடுக்கும் சைசல் கற்றாழைத் தோட்டம், பெரிய வணிகம் எல்லாம் அரசுடைமை. 1971-இல் வாடகைக் கட்டிடங்களையும் எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் குஜராத்திகளின் சொத்து, பலர் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார்கள். "உஜாமா" என்ற பெயரில் சிதறிக் கிடந்த விவசாயிகளைக் கிராமங்களாகத் திரட்டும் திட்டம் முதலில் விருப்பத்தின் பேரில் இருந்தது, 1973-லிருந்து கட்டாயமானது. லட்சக்கணக்கானவர்களை லாரியில் ஏற்றிப் புதிய ஊர்களில் இறக்கினார்கள். பள்ளி, ஆஸ்பத்திரி, குழாய்த் தண்ணீர் கொடுக்க வசதி என்பது நோக்கம். எழுத்தறிவு உண்மையிலேயே ஏறியது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆனால் முந்திரி மரத்தை லாரியில் ஏற்ற முடியாதே. மரம் பழைய இடத்தில், விவசாயி பல மைல் தள்ளி. அரசு கொடுத்த கொள்முதல் விலையும் மட்டம். கூடவே இலையிலும் பூவிலும் சாம்பல் நோய். 1973-74-இல் சுமார் 1,45,000 டன் விளைந்த நாடு 1980-களின் நடுவில் 20,000 டன்னுக்கும் கீழே போனது. ஆலைகள் துருப்பிடித்தன. பின்னால் தனியாரிடம் விற்றபோது பல ஆலைகள் வெறும் கிடங்காக ஆகிவிட்டன.

1986-க்குப் பிறகு பன்னாட்டு நாணய நிதியத்தின் நிபந்தனைகளோடு சந்தை திறந்தது. சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் அடிக்கும் பழக்கம் பரவியது, புதிய கன்றுகள் வந்தன. 2017-18-இல் விளைச்சல் 3 லட்சம் டன்னைத் தாண்டியது. கொட்டையில் பெரும்பங்கு உடைக்காமலேயே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகிறது. உடைக்காத கொட்டைக்கு ஏற்றுமதி வரி போட்டிருக்கிறார்கள், உள்ளூரில் உடைக்கட்டும் என்று. வரி வசூலாகிறது, ஆலை பெரிதாக வரவில்லை. மின்சாரம், வட்டி, பழகிய ஆட்கள் எல்லாவற்றிலும் வியட்நாம் இயந்திரத்தோடும் நம் ஊர்ப் பெண்களின் கைவேகத்தோடும் போட்டி போட வேண்டும். "தெரியாது" என்பதல்ல காரணம்.

தாரெஸ்வாசி:

2018 கதையையும் சொல்லிவிடுகிறேன், இங்கே இன்னும் பேசுவார்கள். அந்த வருடம் வியாபாரிகள் ஏலத்தில் விலையை இறக்கிக் கேட்டார்கள், விவசாயிகள் விற்க மறுத்தார்கள். அன்றைய குடியரசுத் தலைவர் மகுஃபுலி பட்டாளத்தை இறக்கிவிட்டார். ராணுவ லாரிகள் வந்து கொட்டையை ஏற்றின. கிலோ 3,300 ஷில்லிங் என்று அரசே விலை வைத்தது. விவசாயி கைதட்டினார். பிறகு பணம் வரத் தாமதம், அரசு கையில் தேங்கிய சரக்கை விற்கத் திண்டாட்டம்.

இப்போது கிடங்கு ரசீது முறை. விவசாயி கொட்டையைச் சங்கத்தில் போடுவார், சங்கம் கிடங்குக்கு அனுப்பும், ஏலத்தில் விற்றபின் பணம் வரும். வாங்குகிறவர் முந்திரி வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தோட்டத்துக்குப் போய் நேரடியாக மூட்டை பேசலாம் என்று யாராவது ஆசை காட்டினால் விலகிவிடுங்கள். அதற்கு இங்கே "கங்கொம்பா" என்று பெயர், சட்டவிரோதம்.

கடுகுத்தாளிப்பு:

முந்திரி இருக்கட்டும், துவரம்பருப்பை யாரும் சொல்லவில்லையே. நாம் சாம்பாரில் போடும் பருப்பில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. வடக்கே பபாட்டி பக்கமும் தெற்கிலும் இந்தியாவை நம்பியே நிறைய விதைக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் இங்கே விளைச்சல் அதிகம் என்று இந்தியா இறக்குமதிக்கு 2 லட்சம் டன் உச்சவரம்பு வைத்தது. அந்த ஒரு அறிவிப்பில் தான்சானியாவில் விலை சரிந்து விவசாயி அறுக்கக்கூட மனமில்லாமல் விட்டார். பிறகு இங்கே பருப்பு விலை ஏறியதும் 2021-இல் கதவைத் திறந்துவிட்டோம்.

எண்கணக்கு:

சரியாகச் சொன்னீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தான்சானியாவில் நல்ல வளர்ச்சிதான். 2020-இல் உலக வங்கி கீழ்-நடுத்தர வருமான நாடு என்று பட்டியலில் ஏற்றியது. ஏற்றுமதியில் தங்கம் முன்னால், கெய்ட்டா பக்கம் பெரிய சுரங்கம். அப்புறம் சுற்றுலா. தார் எஸ் சலாம் துறைமுகம் வழியாகத்தான் சாம்பியா, ருவாண்டா, புருண்டி, கிழக்குக் காங்கோ சரக்கெல்லாம் போகிறது. சீனா 1970-களில் போட்டுக்கொடுத்த தசாரா ரயில் பாதை 1,860 கிலோமீட்டர், சாம்பியாச் செம்பைக் கடலுக்குக் கொண்டுவர. 2024-இல் தாரிலிருந்து தலைநகர் தொடோமாவுக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. ஆனால் உழைப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி இன்னும் விவசாயத்தில். 2012-இல் 4.5 கோடியை ஒட்டி இருந்த மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பில் 6.17 கோடி. வருடா வருடம் வேலை தேடி வரும் இளைஞர்களுக்குத் தங்கச் சுரங்கம் எத்தனை பேரை எடுக்கும்? மிச்சப் பேர் பைக் டாக்ஸி ஓட்டுகிறார்கள்.

சதுப்புநிலம்:

சுற்றுச்சூழல் பக்கம் நான் வருகிறேன். காட்டுயிர் ஆய்வில் இருக்கிறேன். சிங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் கரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தார் எஸ் சலாமில் 50 லட்சத்துக்கு மேல் மக்கள். மின்சாரம் வந்த வீட்டிலும் பலர் சமைப்பது மரக்கரியில். தெருமுனையில் தகரடப்பா அளவில் வாங்கலாம், கேஸுக்கு மொத்தமாகப் பணம் போட வேண்டாம். கரி வருவது சுற்றியுள்ள மியோம்போ என்ற வறண்ட இலையுதிர் காடுகளிலிருந்து. நகரம் வளர வளர வெட்டும் எல்லை தள்ளிப் போகிறது. 2024-இல் நூறு பேருக்கு மேல் சமைக்கும் பள்ளி, சிறை, விடுதிகளில் விறகும் கரியும் கூடாது என்று உத்தரவு வந்தது. 2034-க்குள் 80 சதவீதம் பேரைச் சுத்தமான அடுப்புக்கு மாற்றுவது இலக்கு. வீடுகளில் மாற்றுவதுதான் கடினம். பிளாஸ்டிக் பை தடையில் மட்டும் கண்டிப்பு. 2019 ஜூனிலிருந்து அமலில் இருக்கிறது, விமானநிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். முந்திரிக்காடு, மாதிரிக் கொட்டையைப் பாலிதீன் பையில் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து ரூஃபிஜி ஆற்றில் நைரேரே பெயரில் கட்டிய அணை. 2,115 மெகாவாட். அதற்கு முன் நாட்டின் மொத்த நிறுவுதிறனே 2,000-ஐத் தொடவில்லை. அணை இருக்கும் இடம் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ள செலூஸ் காடு. கீழே டெல்டாவில் கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரிய அலையாத்திக் காடு. இறால், மீன் எல்லாம் ஆற்று வெள்ளத்தை நம்பி. வெள்ளத்தின் போக்கு மாறினால் அந்த மீனவர்கள் நிலை என்ன?

கிஹான்சி தேரையின் கதை இதற்கு நல்ல முன்பாடம். உட்சுங்வா மலையில் கிஹான்சி அருவியின் சாரல் படுகிற சில ஏக்கரில் மட்டும் ஒரு குட்டித் தேரை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, முட்டையிடாமல் குட்டி போடும். 1996-இல்தான் விஞ்ஞானிகள் கண்ணில் பட்டது. 2000 வாக்கில் மின் நிலையத்துக்காக ஆற்றைத் திருப்பினார்கள், சாரல் நின்றது. செயற்கைத் தெளிப்பான் வைத்துப் பார்த்தார்கள். பிறகு பூஞ்சை நோய் வந்து கூட்டத்தையே வாரிக்கொண்டு போனது. 2009-இல் காட்டில் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். நல்ல காலம், அதற்கு முன்பே கொஞ்சம் பிடித்து அமெரிக்க விலங்குக்காட்சிச் சாலைகளில் வளர்த்திருந்தார்கள். 2012-இல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றும் தெளிப்பான் தயவில்தான் அந்த இடம் ஈரமாக இருக்கிறது.

எண்கணக்கு:

தேரைக்காக மின்சாரத்தை நிறுத்த முடியுமா? மின்சாரமும் சரியில்லாமல்தான் கொட்டை நம் ஊருக்கு வருகிறது என்று மேலே எழுதியிருக்கிறேன். பணக்கார நாடுகள் தங்கள் ஆறுகளை எப்போதோ அடைத்து முடித்துவிட்டன.

சதுப்புநிலம்:

நிறுத்தச் சொல்லவில்லை. கட்டுமுன் அங்கே என்ன இருக்கிறது என்று முழுதாகப் பாருங்கள் என்கிறேன். கிஹான்சியில் வேலை தொடங்கிய பிறகுதான் தேரையே தெரிந்தது.

உங்கள் "யார் விலை கொடுத்தார்கள்" கேள்வி இங்கேயும் செல்லும். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏதோ ஒரு வகைப் பாதுகாப்பில் இருக்கிறது. செரெங்கெட்டியிலிருந்து மாசாய் மக்களை 1959-இல் வெளியேற்றினார்கள், பக்கத்தில் கொரொங்கோரோவில் மாடு மேய்த்து வாழலாம் என்ற உறுதியோடு. இப்போது அங்கேயும் கூட்டம் அதிகம் என்று 2022-லிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ம்சொமேரா கிராமத்துக்கு அனுப்புகிறார்கள். அரசு "விருப்பத்தின் பேரில்" என்கிறது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் வராமல் செய்து துரத்துகிறார்கள் என்பது மக்கள் குற்றச்சாட்டு. அதே வருடம் செரெங்கெட்டியை ஒட்டிய லொலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட்டபோது துப்பாக்கிச் சூடே நடந்தது. மேய்ப்பவர்களின் மாடுகளைவிடச் சுற்றுலா டாலர் தருகிற மான்கூட்டம்தான் மதிப்பு என்றாகிவிட்டது. ஆனால் எதிர்ப்பக்கமும் பாருங்கள்: காவல் தளர்ந்த 2009–2014 காலத்தில் தந்தத்துக்காக யானைகளில் பாதிக்கு மேல் கொன்றார்கள், ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது 43,000 அளவுக்கு வந்தது. பாதுகாப்பே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. மேய்ப்பவரை எதிரியாக வைத்துச் செய்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

மலர்விழி_கோவை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் சான்சிபாரில் ஐஐடி மெட்ராஸ் வளாகத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறாள். அந்தத் தீவு எப்படி? தான்சானியாவும் அதுவும் ஒன்றுதானா?

தாரெஸ்வாசி:

ஒரே நாடு அம்மா, ஆனால் சான்சிபாருக்குத் தனித் தலைவர், தனிச் சட்டமன்றம் உண்டு. ஐஐடி 2023-இல் ஆரம்பித்தது; வெளிநாட்டில் எந்த ஐஐடிக்கும் அதுதான் முதல் வளாகம். பாடம் ஆங்கிலத்தில்தான். வெளியே சந்தையில் பேச சுவாஹிலி, அதுவும் தரமான சுவாஹிலி. தீவில் கிட்டத்தட்ட எல்லோரும் முஸ்லிம்கள், உடையில் கொஞ்சம் அடக்கம் வேண்டும், ரம்ஜான் பகலில் வெளியில் சாப்பிடக்கூடாது. பாதுகாப்பு பரவாயில்லை. 2024 அக்டோபரிலிருந்து தீவுக்கு வரும் வெளிநாட்டவர் அங்கேயே காப்பீடு வாங்க வேண்டும், உங்களிடம் வேறு காப்பீடு இருந்தாலும். மாணவர்களுக்கு விதி வேறாக இருக்கக்கூடும், வளாகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சதுப்புநிலம்:

தீவில் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். கிழக்குக் கரையில் ஓதம் வற்றினதும் பெண்கள் இறங்கிக் குச்சி நட்டுக் கயிற்றில் கடற்பாசி வளர்ப்பார்கள். 1980-களின் கடைசியில் வந்த தொழில், பல பெண்களுக்குக் கையில் வந்த முதல் சொந்தப் பணம். கடல் சூடாகி நல்ல விலை போகும் பாசி ரகம் ஆழமற்ற நீரில் சாகிறது. ஆழத்தில் வளர்க்கப் படகும் நீச்சலும் வேண்டும். சிலர் பாசியைச் சோப்பாக்கி விற்கத் தொடங்கிவிட்டார்கள். பாசியும் முந்திரி மாதிரிதான், காயவைத்து மூட்டையாகப் போகிறது. லாபம் வேறு நாட்டில்.

முந்திரிக்காடு:

எவ்வளவு விஷயம்! பள்ளிப் புத்தகத்தில் கூட இவ்வளவு படித்ததில்லை. உடைப்பது அங்கேயே நடந்தால் எங்கள் ஆலையில் இருக்கும் பெண்களுக்கு வேலை போகும் என்பதும் மனதில் ஓடுகிறது. அதை இங்கே வைத்து வாதம் பண்ண விரும்பவில்லை. கடைசியாக இரண்டு கேள்வி: எப்போது போவது, நான் சைவம், என்ன சாப்பிடுவது?

தாரெஸ்வாசி:

தெற்கில் அறுவடை புரட்டாசி கடைசியில் சூடு பிடிக்கும், ஏலங்கள் அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர், ஜனவரி வரை போகும். முதல் ஏலங்களின்போதே வாருங்கள். தார் பக்கம் மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சின்ன மழை. தெற்கில் ஒரே பருவம், நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. மழைக்குப் பின் வரும் கொட்டையில் ஈரம் ஏறியிருக்கும், ஈரப்பதமானியை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. எந்தச் சின்னக் கடையிலும் "வாலி நா மஹராகே" என்று கேளுங்கள், சோறும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த ராஜ்மா மாதிரி ஒரு பயறும் வரும். சப்பாத்தி எங்கும் கிடைக்கும். சோள மாவுக் களி "உகாலி". கேழ்வரகுக் களி சாப்பிட்டவருக்குப் பழகிவிடும். குழம்பில் கருவாடு கிடக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், "டகா" என்பார்கள்.